கை பார்த்துக் கவர் கொடுப்பவர்

"போன் இருக்கட்டும். கையைக் காட்டுங்கோ."

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஐந்தடி அகலக் கடைக்குள் இருந்தபடி ரவிசந்திரன் இப்படிச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் இவர் சாத்திரக்காரரோ என்று பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்ப்பார்கள். பலகையில் கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், ஹெட்செட் என்றுதான் எழுதியிருக்கிறது. நானும் அப்படிப் பார்த்தவன்தான். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து வேலை. மேசையில வைச்சுத்தான் பாவிப்பியள். உங்களுக்கு இந்த மெல்லிசு காணும்" என்று, இருந்ததிலேயே மலிவான கவரை எடுத்துப் போட்டார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

முருங்கன் பக்கத்து வயல்காரர். ஐம்பத்திரண்டு வயது. நாலு போனை வயலுக்குப் பறிகொடுத்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தாராம். அதில் ஒன்று நெல்லு வெட்டும் மெசினுக்குள் போய், சாக்குக்குள் தூளாக வந்து சேர்ந்ததாம். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் உமி அடையாமல் சார்ஜர் குத்தும் ஓட்டையை மூடுகிற கவர் எது, காய்ப்புப் பிடித்த விரலுக்கு எந்தக் கண்ணாடி மசியும், மேசன்மாரின் போன் முதலில் எந்த மூலையில் உடையும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பரிசு வாங்க வருகிறவர்களைத்தான் அதிகம் வதைப்பார். "ஆருக்கு? எந்தக் கையால தூக்கிறவர்? சேட்டுப் பொக்கற்றோ, சாரத்து மடிப்போ?" ஒருவன் காதலிக்கு மினுங்கல் கவர் எடுத்தான். பெண் தாதி என்று கேட்டறிந்ததும் அதைப் பறித்து வைத்துவிட்டு, கழுவித் துடைக்கக்கூடிய ஒன்றைக் கொடுத்தார். "அவ நாளுக்கு நூறு தரம் கை கழுவுறவ. மினுக்கம் ஒரு கிழமையில உரிஞ்சுபோம். உரியேக்க உம்மைத்தான் நினைப்பா."

வெள்ளிக்கிழமையென்றால் நெற்றி நிறையத் திருநீறு. அன்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் மட்டுமல்ல, கடைக்குள்ளும் வரக்கூடாது. மீன் ரோல்ஸ் கடித்தபடி வருகிறவரை, "முடிச்சிட்டு வாங்கோ, நான் எங்கயும் ஓடமாட்டன்" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். மன்னாரில் கடை வைத்துக்கொண்டு இதென்ன பிடிவாதம் என்று கேட்டேன். "அம்மாளுக்கு நேந்தது" என்றார், அவ்வளவுதான்.

போன மாதம் அப்படியொரு வெள்ளி காலையில், நான் உடைந்த கண்ணாடி மாற்றக் காத்திருந்தபோது, பெற்றிசியா என்ற பேசாலைப் பெண் வந்தாள். தையல் தொழிற்சாலையில் முதல் சம்பளம் எடுத்திருந்தாள். அன்று தகப்பனுக்குப் பிறந்தநாள். புத்தகம்போல மடித்து மூடுகிற மண்ணிறக் கவர் ஒன்றைத் தேர்ந்து நீட்டினாள்.

"அப்பான்ர கை எப்பிடி?"

"கடல் தொழில், அண்ணை. வலது பெருவிரல் பாதிதான் இருக்கு. கயிறு வெட்டினது."

ரவிசந்திரன் கண்ணை மூடி யோசித்தார். உப்புத் தண்ணீர் தெறிக்கும், அதனால் போனின் முகத்தை மூடுவது நல்லது. மூடியைப் பிடிக்கிற கொளுவியில் காந்தம் இருக்கிறது, பாதி விரலாலும் தட்டித் திறக்கலாம். "சரியான சாமான்தான் எடுத்திருக்கிறீர், பிள்ளை" என்றார். அவர் வாயால் இப்படியொரு பாராட்டை நான் கேட்டதேயில்லை. அவள் முகம் மலர்ந்துபோய்விட்டது.

மத்தியானம் கடந்து, என் போனை எடுக்க நான் திரும்பி வந்திருந்தபோது, தலைமன்னார் சாஹுல் ஹமீட் வயர் வாங்க வந்தார். அவரும் கடல்காரர். ரவிசந்திரன் பெருமையோடு அதே மாதிரிக் கவர் இன்னொன்றைக் காட்டி, "உங்கட ஆக்களுக்கு நல்ல சாமான். இண்டைக்குத்தான் பேசாலைக்கு ஒண்டு போனது" என்றார். சாஹுல் ஹமீட் தன் போனில் திசைகாட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். கவரை அதன் பக்கத்தில் கொண்டுவந்தார். வடக்கே நின்ற அம்பு அப்படியே சுற்றிக் கிழக்கே போய் நின்றது.

"காந்தம், தம்பி. மூட்டம் போட்டா எங்களுக்கு இந்த அம்புதான் கரை. இதை நம்பி ஓடினா எல்லை தாண்டிப் போயிருவம். இல்லாட்டி எண்ணெய் முடிஞ்சு நடுக்கடல்ல கிடப்பம்."

ரவிசந்திரன் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வயல்தான் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் போன் நம்பர் இல்லை. ஐந்து மணிக்கு வள்ளங்கள் இறங்கிவிடும். சாப்பாட்டுக்குக்கூடக் கடை பூட்டாத மனிதர் ஷட்டரை இழுத்து விழுத்தினார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை, அவரோடு பேசாலை பஸ்ஸில் ஏறினேன். அவ்வளவு பெரிய ஊரில் எத்தனை பெற்றிசியாவைத் தேடுவது என்றேன். "கை தெரியுந்தானே" என்றார்.

கடற்கரையில் முதலில் கேட்ட ஆளே, "பாதிப் பெருவிரலோ? அந்தா, சந்தியோகு அண்ணன்" என்று காட்டிவிட்டார். சந்தியோகு வள்ளத்தில் வலை ஏற்றி முடித்துவிட்டு, புதுக் கவரைப் பக்கத்து வள்ளத்துக்காரருக்குத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். ரவிசந்திரன் தான் யாரென்று சொல்லி, அவருடைய போனிலேயே அம்பைக் காட்டினார். கவருக்குள் அது வேறெங்கோ வடக்கென்றது. வெளியே எடுத்ததும் திரும்பியது.

சந்தியோகு கவரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை முதல் காசில வாங்கினது. கழட்டினா மனம் விட்டுப்போவாள்" என்றார்.

"கழட்ட வேண்டாம்" என்றார் ரவிசந்திரன். சேட்டுப் பொக்கற்றில் எப்போதும் இருக்கும் சவர பிளேட்டை எடுத்து, மணலில் குந்தியிருந்து, கவரின் தையலைப் பிரித்தார். மெல்லிய காந்தத் தகடுகள் இரண்டு வந்தன. மூன்று தரம் அம்பைச் சரிபார்த்தார். சந்தியோகு வலை நூலால் கவரைக் குறுக்கே கட்டிக்கொண்டார்.

"நூல் ஏனெண்டு கேட்டா, வள்ளத்தில கொளுவிப் பிஞ்சதெண்டு சொல்லுவன். நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அப்பாவைக் கடல்ல விடப் பாத்தனெண்டு அழுவாள்."

"பிழை என்ர, அண்ணை. நான்தான் நல்ல சாமானெண்டனான்."

"எண்டாலும்."

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிப் போத்தலோடு பெற்றிசியா வந்து நின்றாள். "என்ன அண்ணை, இங்கால?"

ரவிசந்திரன் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். முருங்கன் மனிதருக்கு இந்தக் கரையில் என்ன அலுவல் இருக்க முடியும்? "கருவாடு வாங்க வந்தனான்" என்றார்.

அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "உங்களிட்டக் காசு வாங்கிறதோ?" என்று வீட்டுக்கு ஓடினாள். கடதாசியில் சுற்றிய கட்டா மீன் கருவாட்டோடு திரும்பி வந்து, "மணந்து பாருங்கோ, புதுசு" என்று முகத்துக்கு நேரே நீட்டினாள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. அவர் குனிந்து மூக்கை வைத்து நன்றாக மணந்தார். "நல்ல சாமான், பிள்ளை" என்றார். தகப்பன் திரும்பி நின்று எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் இருக்கைக்கு மேலே பை வைக்கிற தட்டு வெறுமையாகக் கிடந்தது. பொதியை அங்கே வைக்கலாமே என்று காட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினார். எண்ணெய் ஊறிய அந்தக் கடதாசிப் பொதியை மடியில் வைத்து, மன்னார் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.