கயிற்றின் மறுமுனை

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் இது எனக்கு நடந்தது. கனவில்லை, காய்ச்சலில்லை. அந்த மூன்று நாளும் நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மான் எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்து வைப்பது எங்கள் விஸ்கான்சின் பக்கத்து வேட்டைக்காரர்களின் வழக்கம். அதனால் எல்லாவற்றுக்கும் மணியும் நிமிடமும் என் சின்ன நோட்டில் இருக்கிறது.

என் பெயர் ரோண்டா. வயது ஐம்பத்து மூன்று. சீஸ் ஆலையில் விடியற்காலை ஷிப்டு, மதியம் பன்னிரண்டுக்கு விட்டுவிடும். போன வருடம் எனக்கும் என் கணவன் டெல்லுக்கும் மணமுறிவு ஆனது. வீடு எனக்கு வந்தது. மரத்தில் கட்டும் இரண்டு வேட்டைப் பரண்களும் அவனுக்குப் போயின. அவன் இப்போது அரிசோனாவில் இருக்கிறான். அங்கே அந்தப் பரண்களை எந்த மரத்தில் கட்டப்போகிறானோ தெரியாது.

நவம்பரில் துப்பாக்கி சீசன் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வில் வேட்டைக்கு மட்டும் இன்னும் நாள் இருந்தது. என் குளிர்பெட்டி காலியாக இருந்தது. ஒரு பரண் வாங்கலாம் என்று எல்டன் கடைக்குப் போனேன். எல்டன் எங்கள் ஊரில் வில், தூண்டில், பூட்ஸ் எல்லாம் விற்கிறவர். என் கையில் எழுபது டாலருக்கு மேல் இல்லை. சத்தம் போடாத பரண்தான் வேண்டும் என்றேன். சுவரோரம் நின்ற அலுமினியப் பரணைக் காட்டினார். முந்நூற்றுக்கு மேல். நான் கடைசி மூலையில் கிடந்த இரும்புப் பரணை இழுத்தேன். கீச்சென்றது.

"அது கத்துற கத்துல ஊர்ல இருக்கிற மானெல்லாம் கனடாவுக்கே ஓடிடும்," என்றார் எல்டன்.

"கத்தாம பண்ணிக்கிறேன்."

"பண்ணுவ. மானு விலைச்சீட்டைப் படிக்காது ரோண்டா. காதாலதான் பாக்கும்."

அறுபத்தைந்துக்குக் கொடுத்தார். அன்று மாலை முழுவதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். கீல்களைக் கழற்றி, இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் நைலான் வளையம் போட்டேன். கலகலக்கும் சங்கிலியை எடுத்துவிட்டுப் பட்டையான வார் மாட்டினேன். கால் வைக்கும் தட்டில் பழைய மாடிப்படிக் கம்பளத்தை வெட்டி ஒட்டினேன். பிறகு மேலே ஏறி நின்று இடமும் வலமும் ஆடிப் பார்த்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நான் கேட்ட எந்தச் சத்தமும் என் பரணிலிருந்து வந்ததில்லை.

இடம் கொடுத்தவர் கார்டி ஸாஸ்ட்ரோ. பால் பண்ணைக்காரர், அறுபது தாண்டியவர். அவர் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நாற்பது ஏக்கர் காடு. மான் கிடைத்தால் அதன் கறியில் கொஞ்சம் சாசேஜ் செய்து கொடுத்தால் போதும் என்றார். ஓடைக்கு மேற்கே இரட்டைத் தண்டு ஓக் மரம் ஒன்று இருந்தது. காற்றும் சரியாக இருந்தது, மான் தடமும் பக்கத்தில். பதினெட்டு அடி உயரத்தில் பரணைக் கட்டினேன்.

டிசம்பர் 12, வியாழன். மதியம் 1:40க்கு ஏறி உட்கார்ந்தேன். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. கயிற்றில் கட்டிவிட்டு ஏறி, மேலே போய் இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முதலில் வில்லைக் கயிற்றில் இறக்கிவிட்டுப் பின்னால் நாம் இறங்க வேண்டும்.

3:55க்கு ஒரு பெண்மான் வந்தது. முப்பதடி தள்ளி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. நான் இருந்த மரத்தின் அடியைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. ஒருமுறை, இருமுறை. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

4:34. சட்டப்படி அம்பு விடும் நேரம் முடிந்தது. மங்கல் வெளிச்சம். வில்லை மெதுவாக இறக்கினேன்.

வில் தரையைத் தொடும் முன்பே பாரம் குறைந்தது.

கிளையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது கயிறு கீழ்நோக்கி இழுபட்டது. இரண்டு தடவை. சின்னதாக.

இருபத்திரண்டு வருடம் நானும் டெல்லும் ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். அவன் கீழே நின்று என் வில்லை வாங்குவான். அவிழ்த்துவிட்டு இரண்டு தடவை கயிற்றை இழுப்பான். வாங்கிவிட்டேன் என்று அர்த்தம். காட்டில் பேசக்கூடாது அல்லவா. அந்தப் பழக்கத்தில் நான் யோசிக்காமலே, "நன்றி" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

இறங்கினேன். யாரும் இல்லை. வில் மரத்தில் ஒழுங்காகச் சாத்தப்பட்டிருந்தது. கயிற்று முனையில் முடிச்சு இல்லை. நான் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி. காலையில் புதுப்பனி நான்கு அங்குலம் விழுந்திருந்தது. நான் போகும்போது காட்டில் என் காலடித் தடம் மட்டும்தான்.

அன்று மான் எதுவும் வரவில்லை. குருவி சத்தம்கூட இல்லை. 4:33க்கு வில்லை இறக்கினேன். இந்த முறை முடிச்சை இரண்டு தடவை இறுக்கிப் போட்டிருந்தேன்.

தரையைத் தொடும் முன்பே... பாரம் குறைந்தது.

இரண்டு இழுப்பு.

"யாரு? கார்டியா?" என்று கேட்டேன்.

கீழே யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, அலுத்துப்போன மூச்சு.

எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் நிழல் அடர்ந்திருந்தது. இறங்கினேன். வில் சாத்தியிருந்தது. பனியில் என் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. அடிமரத்தை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் பனி அமுங்கியிருந்தது. மான் படுத்த இடம் என்று எனக்கு நானே சொன்னேன். அவ்வளவு நீளத்துக்கு மான் படுக்காது. அதைத் தாண்டித்தான் நான் வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. டப்பா சூப்பைச் சூடாக்கி நின்றபடியே குடித்தேன். எதிரே காலி நாற்காலி. பதினான்கு மாதத்தில் எனக்காக ஒருவர் எங்கேயோ காத்திருந்து, என் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கி வைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

அதனால்தான் சனிக்கிழமையும் போனேன். மானுக்காகப் போகவில்லை.

டிசம்பர் 14. கடுங்குளிர். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. 3:20க்குக் காற்று அப்படியே நின்றுவிட்டது. ஓடைப் பக்கம் ஒரு மரம் குளிரில் வெடித்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

4:31. வில் என் மடியில் இருந்தது. இறக்குவதற்காக நான் அதை இன்னும் கட்டவே இல்லை. கயிறு சும்மா பரணிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அது இழுபட்டது.

இரண்டு தடவை.

நான் அசையவில்லை.

மறுபடி இரண்டு.

பிறகு நிற்கவே இல்லை. விட்டு விட்டு, விட்டு விட்டு... கயிறு விறைத்தது, தளர்ந்தது, விறைத்தது. கையுறை கயிற்றில் வழுக்கும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

நிலா ஏறியிருந்தது. குனிந்து பார்த்தேன். பனி வெளுப்பாகத் தெரிந்தது. கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருப்பது தெரியவில்லை.

4:50. ஒரு குரல். தொண்டை காய்ந்த ஆண் குரல்.

"கேக்குதா?"

பரணின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல... கேக்குதா?"

கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் பரண் முனகவில்லை. நான் அங்கே இருப்பதற்கான சத்தமே இல்லை.

5:10. இழுப்பு பலமானது. முழு உடம்பும் தொங்குகிற பாரம். மரத்தைச் சுற்றியிருந்த வார் இறுகி விறைத்தது. தட்டு ஒரு விரற்கடை கீழே சரிந்தது.

5:12. கத்தியை எடுத்தேன்.

கயிற்றை அறுத்தேன்.

அது விழுந்தது. பனியில் 'தொப்'.

பிறகு கீழே யாரோ அழுதார்கள். சத்தமில்லாமல் அழ முயன்று முடியாமல் வருகிற அழுகை. எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. நோட்டில் அந்த இடம் மட்டும் காலி.

6:05க்கு அழுகை நின்றிருந்தது. மரத்தின் மறுபக்கமாக இறங்கினேன். அறுந்த கயிறு கீழே இல்லை. வில்லை மேலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை கார்டி வீட்டுக்குப் போனேன். காட்டுக்கு இனி வரமாட்டேன், வேறு யாரையாவது விட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் காபி ஊற்றினார். ஏன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். பாதியில் அவர் காபியைக் கீழே வைத்தார். அப்புறம் எடுக்கவில்லை.

"எந்த மரம்?" என்றார்.

"ஓடைக்கு மேற்கே. இரட்டை ஓக்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவியின் தம்பி மெர்ல் என்பவரைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால், டிசம்பரில், அந்த மரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். இரண்டு காலும் உடைந்தன. அந்த வருடம் குளிர் அவ்வளவாக இல்லை, அதனால் உடனே உயிர் போகவில்லை. மெர்ல் தனியாக இருந்தவர். எந்தக் காட்டுக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. காணோம் என்று தேடவும் ஆளில்லை. நான்காம் நாள் காலை கார்டிதான் பார்த்தார். மரத்தடியில் சாய்ந்து கிடந்தாராம்.

"உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார் கார்டி. "சொன்னா நீ வரமாட்டேன்னு விட்டுட்டேன். தப்புதான்."

பிறகு எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கைபேசியை எடுத்துவந்து சார்ஜரில் போட்டார். அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மெர்ல் யாரையும் கூப்பிட முடியவில்லை. அதில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். குளிரில் மூளை கலங்கிப் பேசியது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த டிசம்பரில் அந்தக் காட்டில் வேறு யாருமே வேட்டைக்குப் போகவில்லை. கார்டி இதுவரை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

பதிவை ஓடவிட்டார். நான் கேட்ட அதே குரல்.

"மேல யாரோ இருக்காங்க. ஒரு பொம்பளை... சாயங்காலம் ஆனா கயிறு விடுறா, வில்லை அனுப்புறா. நான் அவுத்து மரத்துல சாச்சு வெக்கிறேன். கயித்தை இழுத்துக் காட்டுறேன், நான் இருக்கேன்னு. மொத நாளு நன்றின்னு சொன்னா. ஆனா இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போயிடுறா. நேத்தும் தாண்டித்தான் போனா."

நடுவில் வெறும் மூச்சு. பிறகு இன்னொரு பதிவு. மிகவும் சன்னமாக.

"கூப்ட்டுப் பாத்துட்டேன். மேலதான் இருக்கா, எனக்குத் தெரியுது. பேச மாட்டேங்குறா."

பதிவில் 'தொப்' என்று ஒரு சத்தம்.

"இப்ப கயித்தை அறுத்துட்டா."