குல்லாவுக்குள் ஒரு குரல்

பழுப்பு நிறக் குரங்குக் குல்லா ஒன்று என்னிடம் இருக்கிறது. முகத்தை மட்டும் வெளியே விட்டு, காது கழுத்து எல்லாவற்றையும் மூடிக்கொள்கிற கம்பளிக் குல்லா. இடது காதுப் பக்கம் மட்டும் பைபோலத் தொங்கிப்போயிருக்கும். அந்தத் தொங்கல்தான் ஒரு மனிதரைப் பைத்தியக்காரராக்கியது. ஆக்கியவன் நான்.

குன்னூருக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்போது ரைட்டராக இருந்தேன். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆபீஸ் குமாஸ்தா. எனக்குக் கதை எழுதுகிற கிறுக்கும் உண்டாகையால், இரண்டு வகையிலும் ரைட்டர் என்று ஒரு மிதப்பு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனின் கடைசி வீட்டில் கவாத்துக்காரர் தனியாக இருந்தார். தேயிலைச் செடியின் தலையை வெட்டிச் சீர்செய்கிற கவாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். சொந்தபந்தம் கிடையாது, யாரோடும் பேச்சும் கிடையாது. வேலை முடிந்ததும் கத்தியும் கையுமாக மேட்டுப் பாறையில் ஏறி, குல்லாவை மாட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துவார். "வெட்டிப் போட்டுருவேன்" என்பது லைன் வரைக்கும் கேட்கும். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவர் வருகிற வழியில் யாரும் எதிரே போவதில்லை.

எழுதுகிறவனுக்கு இது போதாதா? ஊர் ஒதுக்கிய ஒருவன், குல்லாவுக்குள் கேட்கும் குரல்களுக்குக் கட்டுப்பட்டு, கடைசியில் வேலை வாங்குகிற மேஸ்திரியை வெட்டிவிட்டுப் பாறைமேல் நின்று சிரிப்பதாக ஒரு கதை எழுதினேன். வாரப் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எட்டாம் நாள் லைன்காரர்கள் மேனேஜருக்கு மனு கொண்டுவந்தார்கள். கவாத்துக்காரரின் கத்தியை வாங்கிக்கொண்டு, வீட்டையும் காலி செய்யச் சொல்ல வேண்டுமாம். டைப் அடிக்க அது என் மேசைக்கே வந்தது. ஆதாரமாக என் கதையின் வரிகளையே எழுதியிருந்தார்கள், குரல்கள் வெட்டச் சொல்வது உட்பட. அதெல்லாம் கற்பனை என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். எங்கள் எஸ்டேட் மேஸ்திரி மரியாதை குறையாமல் கேட்டார்: "ஏனுங்க, பொய்யா இருந்தா அச்சுல போடுவாங்களா?" அன்றே கத்தியை ஆபீசில் வாங்கி வைத்துவிட்டார்கள். கத்தி இல்லாமல் அவருக்கு வேலை ஏது? வீட்டுக்குத் திங்கட்கிழமை வரை கெடு.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து பாறை ஏறினேன். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கிட்டே போனால், குல்லாவுக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு குரல் கேட்கிறது, பெண் குரல். ஓரடி பின்வாங்கினேன். அவர் திரும்பி, குல்லாவின் காதுப் பக்கம் கைவிட்டு, ஒரு செல்போனை எடுத்தார். "தங்கச்சிங்க ஐயா. இலங்கையில, அட்டன்ல இருக்கு. இங்க நின்னாத்தான் சிக்னல் கெடைக்குது."

குடும்பம் கப்பலேறியபோது அத்தையோடு இலங்கையிலேயே தங்கிவிட்ட தங்கை. தினமும் தங்கையிடம் பேசினால்தான் அவருக்குப் பொழுது அடையும். சிக்னல் மங்கினால் கத்துவார். வெட்டுவதாக மிரட்டியது குடித்துவிட்டு வரும் தங்கை புருஷனை, அவருடைய மச்சானைத்தான். மச்சானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாராம்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கதையைப் படிக்கச் சொன்னார். இரண்டு நாட்டுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தார், கோழி அறுக்கவே அண்ணனுக்குக் கை நடுங்கும் என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசி வரைக்கும் அந்தாளுக்கு ஒருத்தருமே இல்லீங்களா ஐயா?"

வெட்கமாக இருந்தது. அவரை உற்றுப் பார்த்து எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள்கூட அவர் கிட்டே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொத்த லைனையும் கெஞ்சிக் கூத்தாடிப் பாறைக்கு ஏற்றினேன். மேனேஜரும் மூச்சிரைக்க வந்தார். ஸ்பீக்கரில் போட்டதும் தங்கை ஒவ்வொருவர் பேரையும் கேட்டு நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். லைனில் பாதிப் பேருக்கு அங்கே உறவு உண்டு. ஒரு பெண் தன் சித்தி இருக்கிற தோட்டத்தைச் சொல்ல, அது தங்கள் பக்கத்துத் தோட்டம்தான் என்று பதில் வந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். போன் அவர் கைக்குத் திரும்ப அரைமணி நேரமாயிற்று. மேஸ்திரி மேனேஜரிடமிருந்து மனுவை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை கத்தி திரும்பி வந்தது. அதன்பின் பாறையில் தினமும் கூட்டம். தங்கச்சியோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை என்று என்னிடம்தான் வந்து குறைப்படுவார்.

வேலையிலிருந்து நின்றதும் தங்கை வீட்டுக்குப் போய்வரக் கிளம்பினார். புதுக் குல்லா வாங்கிவிட்டதால் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் இப்போது ஊட்டியில் இருக்கிறேன். காலையில் அதை மாட்டி, இடது காதுப் பக்கம் போனைச் செருகிக்கொண்டுதான் நடைக்குக் கிளம்புவேன். நேற்று அட்டனிலிருந்து கூப்பிட்ட கவாத்துக்காரர், மச்சான் மறுபடி குடிக்கிறார், ரைட்டர் ஐயாவே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று போனை மச்சானிடம் கொடுத்தார். "இனிமே குடிச்சா வெட்டிப் போட்டுருவேன்" என்று தெருவில் நின்று கத்தினேன். எதிர் வீட்டுப் பெண் வாசலில் நின்ற குழந்தையை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

குல்லாவைக் கழற்றிப் போனைக் காட்டினேன். "பயப்படாதீங்க, ஆளு இருக்குதுங்க" என்றேன்.