கருவாடு கொண்டுபோன நாள்

“…ஹாரன் சத்தத்த நம்பித்தானக்கா ஆளுங்கள வயல்ல எறக்குனேன்! இப்ப வந்து வரப்பு மேல நின்னுக்கினு, கடலு கெட்டுக் கெடக்குதுன்னு சொல்றியே, இது உனக்கே நல்லாருக்கா?”

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு மல்லாட்டை வயல், வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. சொந்தம் ஒன்றும் கிடையாது, அவள் என்னை அக்கா என்பாள், அவ்வளவுதான். முழங்கை வரைக்கும் செம்மண். பிடுங்கிய செடி ஒன்றை என் மூஞ்சிக்கு நேராக ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பாதி வயல் பிடுங்கியாகிவிட்டது, பாதி இன்னும் மண்ணுக்குள் இருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் குனிந்தபடியே காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

ஹாரன் என்னுடையதுதான். மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். மொபெட்டில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெருமுக்கல் வழியாகத் திண்டிவனம் வரைக்கும் போய் விற்பேன்.

மீன் விற்கிறவளிடம் ஜனங்கள் முதலில் என்ன கேட்பார்கள்? விலை. திண்டிவனத்தில் அப்படித்தான். பெருமுக்கல்லில், “கடலு எப்படிக்கா கீது?” என்பார்கள், பிரசவத்துக்குப் போன பெண்ணை விசாரிக்கிற மாதிரி. “நல்லாக் கீது, உங்களத்தான் கேட்டுச்சு” என்பேன். “கேட்டா மட்டும் போதுமா, நாலு மேகத்தக் குடுத்தனுப்பக் கூடாதா?” என்று ஒரு பெரியம்மா மடக்குவார். இந்தப் பேச்சுக்காகவே அந்த ஊரில் வண்டியை நிறுத்துவேன். வியாபாரம் அதற்கப்புறம்தான்.

கடல் சேதி எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் குப்பத்தில் படகு வந்து சேருகிற இடத்தில் காலையும் சாயங்காலமும் மைக்கில் போடுவார்கள். தென்மேற்கு வங்கக்கடல், காற்றழுத்தத் தாழ்வு, அலை இத்தனை மீட்டர் எழும்பும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். முதலில் அது எனக்கு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிதான் இருந்தது, காதில் விழும், மண்டையில் ஏறாது. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவள் இல்லை. கேட்டுக் கேட்டு, கரையில் நிற்கிறவர்களை நச்சரித்து நச்சரித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையைப் பொருத்திக்கொண்டேன். வடக்கேயிருந்து அடிக்கிற காற்று என்றால் வாடை, தெற்கேயிருந்து என்றால் தென்னல். கடல் தண்ணீர் வடக்கேயிருந்து தெற்கே இழுத்தால் வன்னி. இரண்டும் சேர்ந்துகொண்டால் வலை போட்ட இடத்தில் இருக்காது. இதையெல்லாம் மீனோடு சேர்த்துப் பெருமுக்கல் தெருவில் இறக்கி வைப்பேன். கொஞ்ச நாளில், “இன்னிக்கு வாடையா, தென்னலா?” என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் எனக்குத் தெரியாமல் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மீன்காரி ஹாரன் கேட்டால் கடல் சாது. கேட்காவிட்டால் படகு போகவில்லை, மழை வருகிறது, காயப்போட்டதை எடு. வருஷக்கணக்காக இது பொய்த்ததே இல்லையாம். எப்படிப் பொய்க்கும்? எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவேனே!

அன்றைக்கு உட்காரவில்லை. ஐப்பசி பிறந்த சமயம், முதல் நாள் சாயங்காலமே மைக்கில் சொல்லிவிட்டார்கள். படகு ஒன்றும் போகவில்லை. மீன் கிடைக்காத நாளில்தான் கருவாடு போகும், நெத்திலிக் கருவாடு சாக்கு நிறைய இருக்கிறது, சும்மா இருப்பானேன் என்று பெட்டியில் அதை அடைத்துக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் நுழையும்போது வழக்கம்போல ஹாரன். பெட்டிக்குள் இருப்பது மீனா கருவாடா என்று ஹாரன் சொல்லுமா?

வீட்டுக்குள் இருந்தபடியே அதைக் கேட்ட இவள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். நான் தெருத்தெருவாகக் கருவாடு விற்று, கடல் சேதியும் சொல்லி, வயல் பக்கம் வந்தபோது நிலைமை இது.

அவள் குடும்பம் அதுவரைக்கும் அடுத்தவர் வயலில்தான் மல்லாட்டை பிடுங்கியது. முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்து, அவளே விதைத்து, அவளே களையெடுத்த வயல் இது. மல்லாட்டை மண்ணுக்குள் இருந்தால் ஒரு மழையைத் தாங்கும். பிடுங்கிப் போட்ட பிறகு நனைந்தால் ஓடு கறுத்து, உள்ளே பூஞ்சை பிடித்து, எதற்கும் ஆகாது.

வானத்திலோ ஒரு பொட்டு மேகம் இல்லை.

“மீன்காரி பேச்சக் கேட்டு வேலைய நிறுத்துவியாடி?” என்றார் மேகம் கேட்கிற அந்தப் பெரியம்மா, நிமிராமலேயே. “வெயிலு பல்ல இளிச்சிக்கினு நிக்குது. இவ எங்கியோ மழைய பாத்தாளாம்.”

“கருவாட்டு நாத்தம் தெருவுக்கே தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியல. அந்த மூக்க வெச்சிக்கினு மழைய மோப்பம் புடிக்கிறீங்களா பெரிம்மா?” என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. செடியை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“போட்டெல்லாம் எங்கக்கா கீது? மணல்லயா?”

மழை எத்தனை மணிக்கு வரும், டிவியில் என்ன சொன்னான் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. எப்போதோ தெருவில் மீன் வெட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்: சாதாரண எச்சரிக்கை என்றால் படகை மணலில் கொஞ்சம் மேலே இழுத்து வைப்பார்கள், கரையே பயந்தால்தான் டிராக்டர் வைத்து ரோட்டைத் தாண்டி ஏற்றுவார்கள் என்று. படகில் ஏறியே அறியாத இவள் அதை மனசில் வைத்திருக்கிறாள்! எங்கள் குப்பத்துப் பெண் கேட்கிற கேள்வி அது.

“ரோட்டுக்கு மேற்கால” என்றேன். “சவுக்குத் தோப்புல கயிறு போட்டுக் கட்டிட்டாங்க. எஞ்சினையெல்லாம் கழட்டி ஊட்டுக்குள்ள வெச்சிட்டாங்க. காலைல நான் கெளம்பறப்பவே வாடை திரும்பிடுச்சி. வன்னியும் இழுக்குது.”

அன்றைக்கு ராத்திரி வந்த மழை மரக்காணம் ரோட்டில் ஒரு புளியமரத்தைச் சாய்த்து மறுநாள் பஸ்ஸை நிறுத்தியதையும், பிடுங்காத பாதி மண்ணுக்குள் பத்திரமாக இருந்து, ஈரம் காய்ந்தபின் வெளியே வந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். மழை அதுபாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால், அந்தப் பளிச்சென்ற வெயிலில் அவள் செய்ததுதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

“போதும், எல்லாரும் நிமிருங்க!” என்று கத்தினாள். “மண்ணுல இருக்கறது மண்ணுலயே இருக்கட்டும். புடுங்கனத மட்டும் ஜல்தி கட்டுங்க!” இடுப்பிலிருந்து போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். “கட்டிலத் தூக்கி வெளிய போடு. மல்லாட்டை உள்ள வருது.” அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “யாரு சொன்னாங்களா? கடல்லேர்ந்து ஆளு வந்துக்கீது” என்றாள். அப்புறம், இருந்ததிலேயே பெரிய கட்டைக் குனிந்து அணைத்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, வரப்பு வழியே ஊரைப் பார்த்து வேகமாக நடந்தாள்.