எந்தக் காது

எங்கள் வீட்டுக்காரர் ரட்சிக்கப்பட்டது தொண்ணூறுகளின் நடுவில். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போன மனுஷன், மூன்றாம் நாள் முழங்கால் போட்டு அழுதுவிட்டு வந்தார். அதன் பிறகு சாராயத்தைத் தொடவில்லை. என் மேல் கை வைக்கவில்லை. விடிந்தால் தறியில் ஒழுங்காக உட்கார்ந்தார். பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும், அவர் மாறினது நிஜம். அதைப் பார்த்துத்தான் நானும் அவர் பின்னாலேயே ஞானஸ்நானம் எடுத்தேன்.

எங்கள் சபை ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் வரும். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். மற்றவர்கள் காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானது என்று நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். இவர் எழுந்தால் முதலில் வலது கையைத் தூக்கிக் காட்டுவார்.

“இந்தக் கையாலதான் என் பொண்டாட்டிய அடிச்சேன். தூங்கிகினு இருந்தவள எழுப்பி அடிச்சேன். அவளுக்கு வலது காது செவுடாப் போச்சி. அப்பேர்ப்பட்ட பாவிய ஆண்டவரு பரிசுத்தமாக்கினாரு!”

கொட்டகை முழுக்க அல்லேலூயா என்று அதிரும்.

எனக்குப் போனது இடது காது.

எதிரே நின்று வலது கையால் அறைந்தால் இடது கன்னத்தில்தானே விழும்? இதைக் கணக்குப் போட அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அறைந்தவருக்கே தோன்றவில்லை, ஊராருக்கு என்ன வந்தது? அன்றைக்கு விழுந்த அறையில் ரத்தம் வந்தது, அப்புறம் சீழ் வைத்தது, வைத்தியம் பார்க்காததில் காதே போய்விட்டது. வீட்டில் என் இடது பக்கம் வந்து நின்று பேசுவார். நான் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பேன், காதில் விழாது.

“எத்தினி வாட்டி கூப்புட்றது? இன்னாடி, காது செவுடா?” என்று ஒரு நாள் கத்தினார், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு ஆசை இருந்தது. சபையில் இத்தனை பேர் முன்னால் அழுகிறவர், வீட்டில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, தப்புதான் என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம். கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

“அங்க சொல்றத எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லக் கூடாதாங்க?”

“ஆண்டவரே மன்னிச்சிட்டாரு. நீ இன்னாத்துக்குப் பழச கெளறிகினு இருக்குற?”

அடி வாங்கினது நான், மன்னித்தது ஆண்டவர். நடுவில் என்னை யாரும் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

சாட்சி நாளாக ஆக மெருகேறியது. எங்கே குரல் உடைய வேண்டும், எங்கே கண்ணைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சந்தவாசலில் கூப்பிட்டார்கள், கலசப்பாக்கத்தில் கூப்பிட்டார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். “அதோ ஒக்காந்துகினு இருக்காளே, அவதான்” என்று கை காட்டுவார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து என் வலது காதைத் தடவிப் பார்த்து, “குடுத்து வச்சவம்மா நீ” என்பார்கள். நல்ல காதில் இந்தப் பேச்சையெல்லாம் கேட்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் போயிருக்கும். சபையின் ஆண்டு விழாவில் பாஸ்டர் என்னைப் பார்த்து, “சிஸ்டர், பரிசுத்தமாக்கப்பட்ட குடும்பம் உங்க குடும்பம். நீங்களும் ஒரு சாட்சி சொல்லுங்க” என்றார். எட்டு வருஷமாக வாய் திறக்காதவள் எழுந்தேன். பெரிதாக ஏதேதோ நினைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

“வலது காது இல்லீங்க. இடது காது” என்றேன்.

பின்னால் யாரோ பழக்க தோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார்கள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் ராட்டையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடது பக்கம். அத்தனையும் நடந்த பிறகும் இடது பக்கம்! அவர் உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ராட்டைச் சத்தத்தில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. திரும்பியிருக்கலாம். ராட்டையை நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், வேண்டுமென்றே இன்னும் வேகமாகச் சுற்றினேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து கையைத் தூக்கினார். “இடது காது” என்று சரியாகச் சொன்னார். முடிக்கும்போது புதிதாக ஒன்று சேர்த்தார்.

“போன வாரம் என் பொண்டாட்டிகிட்ட ஒக்காந்து மன்னிப்புக் கேட்டேன். எம்மாம் வருசம் கழிச்சி, ஆண்டவரு அந்தக் கிருபையும் குடுத்தாரு.”

அல்லேலூயா என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு ராட்டைப் பக்கத்தில் அவர் சொன்னது அதுதானா? இல்லை, திட்டிவிட்டுப் போனதைச் சாட்சிக்காக மாற்றிச் சொன்னாரா? ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அவர் இருந்தவரைக்கும் நான் கேட்கவில்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால், நான் மன்னித்தாக வேண்டுமே.