என் வாளியிலிருந்து கிளம்பிய ஜுரம்

ஒரே நாளில் நாலு பேர் "டீயில் சர்க்கரையே இல்லை" என்று சொன்னால், புது டீ மாஸ்டர் இன்னொரு கரண்டி போடுவான். பழைய மாஸ்டர் ஊருக்குள் ஜுரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வான். ஜுரம் கண்ட நாக்குக்குத் தித்திப்பு எட்டாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் விளக்கு வைத்ததும் அடுப்பு மூட்டி, வெயில் ஏறியதும் வீடு போகிறவன் நான். கடை வைத்திருப்பவர்களே, கடையில் குடிப்பவர்களே, நீங்களும் ஒரு குளிர்காலமாவது இருமிக்கொண்டே வேலை பார்த்திருப்பீர்கள். இது அப்படி ஒரு கார்த்திகை, மார்கழியில் நடந்தது.

ஒரு வாளி

எங்கள் தொழிலில் டம்ளர் கழுவுவது என்றால் வாளியில் இரண்டு முக்கு. அந்தியில் பிடித்த தண்ணீர், விடியும்வரை அதேதான். அந்தக் கார்த்திகையில் எனக்கு மூன்றாம் நாள் ஜுரம். லீவு கேட்டால் முதலாளி, "அடுப்புகிட்டதான நிக்கிற, உனக்கு இன்னாய்யா குளிரு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜுரம் ராஜகிரி மலையிலிருந்து பனியோடு இறங்குகிறது, அடுப்புச் சூட்டில் அது வெந்துபோகும் என்று நம்பியிருந்தேன். வடை மடிக்க வரும் பழைய காகிதங்களை ஒன்றுவிடாமல் படித்து அறிவு வளர்த்தவன். அவற்றில் இதைப் பற்றி ஒரு துண்டும் வந்து சேரவில்லை.

சாயங்காலம் டீ குடிக்க வரும் கம்பவுண்டர், நான் கையில் இருமி, அதே கையால் டம்ளரை முக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீயைத் தொடவில்லை. வாயை மூடி இருமு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஜுரம் விடும்வரை வீட்டில் கிட என்று மூன்று சொன்னார். அன்றே துண்டை உதறிவிட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்னும் இரண்டு ராத்திரி நின்றேன். கம்பவுண்டர் அன்று கிளம்பும்போது சொன்னது இது:

"நீ ஜொரத்த வச்சினு இல்ல மாஸ்டர். வாளியில கரைச்சி ஊருக்கே ஊத்தினு இருக்கிற."

பெஞ்சு காலியானது

சிங்கவரத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் விடியலில் என் பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். முதலில் ஓரத்து ஆள் வரவில்லை. அப்புறம் பக்கத்து ஆள். நாலு நாளில் பெஞ்சே காலி. ராத்திரியில் தூக்கம் விரட்ட நான் கோட்டை வாசல்வரை நடந்துவிட்டு வருவது வழக்கம். இருட்டில் அந்த மலையை அண்ணாந்து பார்த்தால் என்னைவிடச் சின்னது எதுவும் இல்லை என்று தோன்றும். அந்த வாரம் மலையைப் பார்க்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அடி தெரிந்தது. அதற்குள் ஒரு ஊரையே படுக்கவைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியவில்லை! கைகூப்பலாமா என்றுகூட இருந்தது.

வண்டிக்காரர் ஒருவர் ஒரு வாரம் கழித்துப் பாதி உடம்பாக வந்து உட்கார்ந்தார்.

"இன்னாபா மாஸ்டரு, டீ சூடா குடுன்னா ஆளையே சூடாக்கி அனுப்பிட்டியே!"

ரோட்டுக்கு அந்தாண்ட

பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய, மாட்டைக் கடை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து தருபவள் முனியம்மா. ஆறு மாதக் கைக்குழந்தையை எங்கள் பந்தக்காலில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் மடியில் கை வைப்பாள். கறந்து முடித்ததும் என் கையால் ஒரு டீ. அதே வாளி டம்ளர்தான்.

ஒரு அந்தியில் குழந்தை இல்லாமல் வந்தாள். மாட்டை அவிழ்த்து இந்தப் பக்கம் விரட்டிவிட்டு, அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தாள். "எனுக்கு ஜொரம்ணா, நீயே கறந்துக்கோ" என்றாள். நான் உட்கார்ந்தேன், மாடு உதைத்தது. கன்று முட்டியும் பால் இறங்கவில்லை. அப்போது அங்கிருந்தபடியே, கட்டிப்போன தொண்டையால், "சும்மா நில்லுடி, என் கண்ணுல்ல, அண்ணன்தாண்டி" என்று பேச ஆரம்பித்தாள். நடுவில் ஒரு பஸ் போனது. பேச்சு நிற்கவில்லை. என் கைக்குள் காம்பு கனத்து, பால் சொரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செம்பு நிறைந்ததும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"மாட்டுக்கு என் கொரலு போதும்ணா. புள்ளைக்குப் பால் குடுக்க நான் கிட்ட போய்த்தான ஆவணும்."

அண்டா

மறுநாள் அடுப்பில் இரண்டாவது அண்டா ஏற்றினேன். குடித்த டம்ளர் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். முதலாளி பார்த்துவிட்டு, "இது டீக்கடையா, பிரசவ ஆஸ்பத்திரியா? எறக்குய்யா அத" என்றார். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று குடிக்க வந்தவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நான் தோள் துண்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். இந்த வேலையைவிட்டால் எனக்கு வேறு தெரியாது. வீட்டில் என்னைக் கேட்க ஆளும் இல்லை. "அண்டா எறங்கினா நானும் எறங்கறேங்க" என்றேன்.

முதலாளி கோபத்தோடு தன் டீயை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். முகம் சுளித்தது. இன்னொரு மடக்கு. நான் எப்போதும் போடும் இரண்டு கரண்டி போட்டிருந்தேன்.

"யோவ், இதுல சக்கரை போட்டியா இல்லியா?"

துணி கட்டிய வாய்

முதலாளி ஜுரத்தில் படுத்துவிட்டார், அண்டா அடுப்பிலேயே நிலைத்துவிட்டது. முனியம்மா நாலு நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பால் தந்தாள். ஐந்தாம் நாள் அவள் புருஷன் மாட்டை ஓட்டிவந்தான். "கொழந்தைக்கு ஜொரம்" என்றான். மாடு பாதிதான் கறந்தது.

வேலை முடிந்து தூங்கப் போகாமல் அவள் வீட்டுத் தெருவில், எதிர்ச் சாரியில் போய் நின்றேன். திறந்த கதவு வழியே தெரிந்தது. அவள் கையைக் கழுவினாள். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிறகு குழந்தையை அள்ளி மாரில் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுப்பது தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டது. மூன்று காலை அப்படி நின்றேன். நாலாம் காலை சத்தமே இல்லை. உள்ளேயிருந்து கம்பவுண்டர் வந்தார்.

"பாலு குடிச்சிட்டுத் தூங்கறான்யா. நீயும் போய்த் தூங்கு."

பெஞ்சில்

மார்கழிப் பனி விலகி மலை முழுசாகத் தெரிந்த ஒரு காலையில், முனியம்மா ரோட்டைத் தாண்டி வந்தாள். இடுப்பில் குழந்தை. கறந்து முடித்து, பெஞ்சில் உட்கார்ந்து, "டீ குடுண்ணா" என்றாள். அண்டாவிலிருந்து டம்ளரை இடுக்கியால் எடுத்தேன். "முனியம்மா, அந்த ஜொரம் என் வாளியிலேந்துதான் வந்துச்சி" என்றேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"கம்பவுண்டரு எனுக்கு ஜொரம் வந்த அன்னிக்கே சொல்லிட்டாருண்ணா. நாலு நாளும் அந்தாண்டயே நின்னு உன் அடுப்பத்தான் பாத்துனு இருந்தேன். அண்டா மட்டும் ஏறலன்னா, மாட்ட எதிர்க்கடைக்கு ஓட்டினு போயிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் நான் கற்ற தொழில் இவ்வளவுதான்: என் டீயில் சர்க்கரை இல்லை என்று யாராவது குறை சொன்னால் முதலில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறேன், அடுத்து என் கையைக் கழுவுகிறேன், சர்க்கரை டப்பாவை மட்டும் திறப்பதே இல்லை.