வாலுக்கு வைக்காத பழம்

கண்டிப் பக்கம் பன்வில தோட்டமொன்றில் தேயிலை லொறிக்கு நான் டிரைவராக இருந்த காலம். மார்கழியில் ஒரு காலை, அவசரமாகக் கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டிகளைக் கட்டுகஸ்தோட்டை ஆற்றோரப் புல்வெளிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே ஒரு சின்ன ஏரோப்பிளேன் நின்றது. அதை ஓட்டும் இளம் வெள்ளைக்காரத் துரையும் நானுமாகப் பெட்டிகளை ஏற்றினோம்.

பிள்ளையாரைக் கும்பிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் நான் லொறியை எடுத்ததில்லை. மேலே போகிற மனுசரை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. மடியில் இரண்டு பழம் இருந்தது. துரையிடம் கேட்கும்படி கூட வந்த தோட்டக் கிளாக்கரிடம் சொன்னேன்.

"என்ன டிரைவர், ஆகாசத்துல போற வண்டிக்குத் தரையில நசுக்கப் பழமா?" என்று கிளாக்கர் கிண்டலடித்தாலும், துரையிடம் கேட்டார். துரை சிரித்துத் தலையாட்டினார். முன்சக்கரம் இரண்டுக்கும் வைத்தேன். வாலடியில் சக்கரம் இல்லை, ஓர் இரும்புக்கால்தான் ஊன்றியிருந்தது. அதை விட்டுவிட்டேன்.

பழம் நசுங்கியது. பனி ஈரப் புல்லில் ஏரோப்பிளேன் ஓடி ஓடி, ஆளுயரம் எழும்பியதும் வால் தொங்கியது. அப்படியே கரையோர மூங்கிலில் போய் விழுந்தது. புல்லெல்லாம் தேயிலை. துரையை வெளியே எடுத்து என் லொறியிலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் கண் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்: "பின்னால ஒரு காலுன்னீங்களே, அதுக்கு வச்சீங்களா?"

அதோடு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். வைக்காததாலா? இல்லை, தரை வண்டிக்கு வைக்கிறதை அதற்கு வைத்ததே பிழையா? ஒரு பழத்துக்காக சாமி ஓர் உயிரை எடுக்குமா? அப்படி நினைப்பதே பாவமென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விடியும் முன் எழுந்து, அவர் பிழைக்கவேண்டுமென்று மட்டும் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் கண் திறந்துவிட்டாராம். கிளாக்கரோடு போய், வால் விசயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அதை இங்கிலீசில் சொல்லும்போதே கிளாக்கருக்குச் சிரிப்பு. துரை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்.

கிளாக்கர் சொன்னது ஒரே வரி: "பாரம் கூடிப்போச்சாம், தப்பு அவரோடதுதானாம்."

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? யோசித்தபடியே லொறிக்குத் திரும்பினேன்.

இப்போது லொறிக்கு நான்கோடு இன்னொரு பழமும் வாங்குகிறேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.