தொழுத்துக்கு வந்த மீன்

அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர் கையிலிருந்த பனையோலைப் பெட்டி தானாக அசைந்தது. மூடியின் இடுக்கு வழியே ஈரமான ஒரு கறுப்பு மூக்கு வெளியே வந்து, தோவாளைப் பக்கத்து மலைக்காற்றை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். தேசம் விடுதலையாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேராததால் நாங்கள் இன்னும் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் மனு எழுதிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்குக் குளச்சலில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்து, சனிக்கிழமை மதியம்தான் ஊருக்கு வருவார். அந்த அறையை வாடகைக்குக் கொடுத்தவர் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிற கிறிஸ்தவர். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்த வள்ளத்தின் அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றைத்தான் அப்பா எனக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

எங்களுடையது சைவ வீடு. வயலும் தொழுத்தும் கோயிலுமாக வாழ்கிற குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தொழுத்து என்றால் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற இடம். அங்கே வைக்கோல் விரித்துக் குட்டியை விட்டோம். அம்மா பசும்பாலை வெதுவெதுப்பாக ஆற்றிச் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொண்டுவந்தாள். குட்டி இரண்டு வாய் நக்கிவிட்டுக் கக்கியது. மோர்ச்சோறு, பருப்புச்சோறு, நெய் விட்டுப் பிசைந்த சோறு, எதையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. பசுவின் மணியோசை கேட்டால் நடுங்கியது. கடலின் இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்ததற்கு எங்கள் ஊரின் அமைதியே பயமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் வயிறு ஒட்டி, விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. திங்கட்கிழமை காலையில் அப்பா பஸ் ஏறும்போது, "சரியாயிரும் மக்கா" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அன்று முற்பகலில் தெருக்கோடியில் மீன்காரியின் குரல் கேட்டது. கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து அடுத்த தெருவில் விற்கிறவள் அவள். எங்கள் தெருவைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டுவிடுவாள். எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்த குட்டி காதைத் தூக்கியது. பிறகு தள்ளாடி எழுந்து, கொல்லைப் படல் இடுக்கில் நுழைந்து ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன். என் பின்னால் அம்மா. எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

குட்டி மீன்காரியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் பெட்டியை இறக்கி வைத்துச் சிரித்தாள். "கடப்பொறத்துக் குட்டியில்லா இது! மணத்தப் பிடிச்சுல்லா வந்திருக்கு" என்று சொல்லி ஒரு சாளை மீனை எடுத்துப் போட்டாள். குட்டி அதை முள்ளோடு தின்றது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் குட்டியை விட்டு அகலவில்லை.

"வந்த நேரம் தொட்டு ஒண்ணும் திங்கல்ல" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளு பட்டினி கெடந்தா தானா சோறு திங்கும். விடுங்கம்மா."

"அதுக்குள்ள செத்துப் போயிரும்." அம்மா தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நாளைக்கும் வருவியா?"

மீன்காரிக்கு நம்ப முடியவில்லை. "ஒங்க வீட்டுக்கா?"

"வீட்டுக்கில்ல. தொழுத்துக்கு."

மறுநாளிலிருந்து அம்மாவின் குளியல் முற்பகலுக்கு மாறியது. காலையில் சமையலை முடித்து அடுக்களையைச் சாத்திவிட்டு, பழஞ்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு தொழுத்துக்குப் போவாள். மீன்காரி பின்பக்கமாக வந்து சாளைத் தலைகளைச் சிரட்டையில் போடுவாள். முதல் நாள் அம்மா ஒரு குச்சியால் அவற்றைச் சோற்றோடு கிளறப் பார்த்தாள். சோறு ஒரு பக்கமும் மீன் ஒரு பக்கமுமாக நின்றது. குட்டி மீனை மட்டும் பொறுக்கித் தின்றது. அம்மா குச்சியை எறிந்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை விட்டுப் பிசைந்தாள். பிசைந்து முடித்ததும் வாழைமரத்தடிக்கு ஓடிப்போய் ஓங்கரித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது சிரட்டை காலியாக இருந்தது. "கண்டியா, சோறும் திண்ணுட்டு!" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததாக நினைவில்லை. மீன்காரி தொழுத்து நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவாள். அவள்தான் குட்டியைச் சாளை என்று கூப்பிட ஆரம்பித்தவள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சைவர் தெருவில் நான் நாள் முழுக்க மீன் பெயரைக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பாவின் காதுக்கு இது போகாமல் இருக்குமா? அப்பாவுக்கு மூத்தவர். அடுத்த வீடு; இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லாததால், அவர் என்னை முற்றத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு பேசினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏட்டி, ஒங்கம்மைட்ட கேளு, இது வீடா, மீன் சந்தையான்னு."

"மக்ளே, பெரியப்பாட்ட சொல்லு, குளிச்சிட்டுத்தான் கெணத்தத் தொடுகேன்னு."

"அந்தச் சவத்து நாயக் கொண்டு கடப்பொறத்துல விடச் சொல்லு. இல்லேன்னா இந்தக் கெணத்துல இனி நாங்க தண்ணி கோரல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். அவள் கல்குளம் பக்கத்துக்காரி. அவள் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது என்று எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதனாலேயே பலர் முன்னால் அவள் அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள்.

"அத்தான், நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல சோறு எறங்காமக் கெடந்தேனே, ஓர்மையுண்டா? எங்க வீட்டுல மரச்சீனிக் கெழங்கு திண்ணு வளந்தவ நான். நெல்லு வெளையித வீட்டுல வந்து கெழங்கு கேட்டாச் சிரிப்பாங்கன்னு வாய் தெறக்கல்ல. களை பறிக்க வந்தவ கொண்டு வந்த கெழங்க, இதே தொழுத்துல இருந்து ஒளிச்சுத் திண்ணேன். நான் மனுசி. எனக்கு ஒளிச்சுத் திங்கத் தெரிஞ்சுது. இதுக்கு அதுவும் தெரியாது. இது வயித்துல சோறு நிக்கது வரைக்கும் கொடுக்கத்தான் செய்வேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து குடங்கள் குளத்துக்குப் போயின. அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் முற்பகலில் வழக்கம்போலப் பழஞ்சேலையைக் கட்டிக்கொண்டு தொழுத்துக்குப் போனாள்.

சனிக்கிழமை அப்பா வந்ததும் பெரியப்பா வீட்டில்தான் முதல் விசாரணை. அங்கிருந்து வந்தவர் படியில் உட்கார்ந்தார். நாயை என்ன செய்யச் சொல்வாரோ என்று நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவரோ அம்மாவைப் பார்த்து, "கெழங்குக் காரியத்த எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டார்.

"கேட்டியளா?" என்றாள் அம்மா. அதில் கோபம் ஒன்றுமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் குளச்சலிலிருந்து ஒரு சாக்கு நிறைய மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, கொண்டுவந்தார். அம்மா அதை உப்புப் போட்டு அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சேர்த்து அரைத்த துவையலோடு எல்லோருக்கும் நடு வீட்டில் வைத்துப் பரிமாறினாள். அவளும் எங்களோடு உட்கார்ந்து தின்றாள்.

சிரட்டையில் மீன் குறைந்து சோறு கூடிக்கொண்டே வந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது, மீன் கழுவிய தண்ணீர் தெளித்த சோறே சாளைக்குப் போதுமென்றாகிவிட்டது. பிறகு மோர்ச்சோறும் இறங்கியது. மீன்காரி மட்டும் வருவதை நிறுத்தவில்லை; மோருக்கும் பேச்சுக்குமாக வந்தாள். ஒருநாள் அவள் புறப்பட்டபோது சாளை அவள் பின்னாலேயே போயிற்று. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விளிக்காதே. போறதுன்னா போகட்டும்." தெரு திரும்புகிற இடம்வரை போனது. மீன்காரி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாளை அங்கேயே உட்கார்ந்து அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, எங்களை நோக்கி ஓடிவந்தது. அம்மா தெருவென்றும் பாராமல் குந்தி உட்கார்ந்து, "வந்துட்டியா மக்கா" என்று அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கோடையில் குளம் வற்றியதும் பெரியப்பா எங்கள் கிணற்றுக்கே திரும்பி வந்தார். கிணற்றடியில் படுத்திருந்த சாளையைப் பார்த்து, "சவமே, தள்ளிக் கெட" என்றார். அது நகரவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் சட்டியில் ஊற்றிவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

சாளை எங்கள் வீட்டில் கிழடாகி, பல் போய், பழங்கஞ்சி குடித்து வாழ்ந்து செத்தது. எனக்கு மதுரைப் பக்கம் கல்யாணமாயிற்று. என்னைக் கொண்டுபோய் விட்ட அன்று, அதிகம் பேசாத அம்மா என் மாமியாரைத் தனியே அழைத்து, "இவ வாய் விட்டு ஒண்ணும் கேக்க மாட்டா. நீங்க ஒரு தடவ கேட்டிருங்க" என்று சொன்னாளாம். மறுநாள் காலையில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். நல்லெண்ணெய்ச் சமையல் எனக்கு இறங்கவில்லை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அன்று சாயங்காலமே அடுக்களையில் தேங்காயெண்ணெய் வந்து சேர்ந்தது. அம்மா போய்ப் பல வருடங்களாகின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நான் வாழ்ந்த அந்த மாமியார் வீட்டில் ஒரு நாளும் எதையும் ஒளித்துத் தின்ன வேண்டி வரவில்லை.